இமயத்துக்கு ஆள் அனுப்புகிறவள்

மலையேறப் போகிறவர்களைத் தயார்படுத்துகிற தொழிலில் ஒரே ஒரு சிரமம்தான்: கடைசியில் அவர்கள் போய்விடுவார்கள்.

இலங்கை மலைநாட்டில், ஹட்டன் கடைவீதியில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் பயண அலுவலகம். வருஷத்துக்கு ஒரு குழுவை நேபாளத்துக்கு, அன்னபூர்ணா பேஸ் கேம்ப் வரைக்கும் அனுப்புகிறோம். கயிறு கட்டி ஏறுகிற மலை இல்லை. நடக்கத் தெம்பும் மூச்சு ஒழுங்கும் இருந்தால் போதும், நாலு பக்கமும் பனிமலை சூழ்ந்த இடத்தில் போய் நின்றுவிடலாம். போகிறவர்களுக்கு நாலு மாதம் நடைப் பயிற்சி கொடுத்து, பை கட்டக் கற்றுக்கொடுத்து, ஃபோரம் நிரப்பி, வேனில் ஏற்றிவிட்டுக் கையசைப்பது என் வேலை. கல்யாண வீட்டில் சமைத்துவிட்டுப் பந்தியில் உட்காராமல் வருகிறவர்களும், அடுத்தவர் பிள்ளைக்கு வெளிநாட்டுப் பெட்டி கட்டுகிறவர்களும் இதைப் படித்தால், உங்களுக்கு நான் அதிகம் விளக்கவேண்டியதில்லை. போன வருஷக் குழுவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

புதுச் சப்பாத்து

ரவீந்திரனுக்கு ஹட்டனிலேயே ஒரு பேங்கில் வேலை. வாங்கிய மலைச் சப்பாத்தைப் பெட்டியை விட்டு எடுக்காமல் வைத்திருந்தார். போகிற அன்றைக்குத்தான் போடுவாராம். "புதுசோட போனீங்கன்னா மூணாவது நாள் குதிகால் கொப்புளிச்சிரும். அப்புறம் ஒங்களத் தூக்கிக்கிட்டுத்தான் எறங்கணும்" என்று பயமுறுத்தினேன். வீட்டில், கடைக்கு, வேலைக்கு, எங்கே போனாலும் இனி இதுதான் என்று உத்தரவு போட்டேன்.

அடுத்த வாரம் ஒரு அலுவலாக அந்தப் பேங்குக்குப் போனால், கழுத்தில் டை, மடிப்புக் கலையாத சட்டை, காலில் கணுக்காலுக்கு மேல் ஏறிய தடித்த சப்பாத்து. காலை மேசைக்கடியில் இழுத்து வைத்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எந்த மலை வரைக்கும் வந்திருக்கீங்கன்னு மெனேஜர் கேட்டாரு, மிஸ். இன்னும் மாடிப்படிதான் சேர்னு சொன்னேன்."

நல்லதண்ணிப் படிகள்

பயிற்சிக்குச் சிவனொளிபாத மலையை விட நல்ல இடம் கிடையாது. ஆகஸ்டில் அங்கே யாத்திரைக் காலம் இல்லை, கடைகளெல்லாம் படங்குச் சீலையால் மூடிக் கிடக்கும், படிகள் முழுக்க நமக்குத்தான். கொஞ்சம் அட்டைகளுக்கும். மழை விட்ட ஒரு சனிக்கிழமை காலை குழுவை அழைத்துக்கொண்டு மலையடிவார ஊரான நல்லதண்ணியில் போய் இறங்கினேன். பாரத்துக்குப் பழக வேண்டும் என்பதற்காக எல்லார் பையிலும் மணல் மூட்டையும் தண்ணீர்ப் போத்தல்களும் வைத்திருந்தேன்.

தேயிலை மலையை ஒட்டிய பாதையில், தலையில் கொழுந்துச் சாக்கோடு ஒரு அக்கா இறங்கி வந்தார். நாங்கள் வழிவிட்டு நின்றோம். எங்கள் பைகளைப் பார்த்துவிட்டு என்ன கொண்டுபோகிறோம் என்று கேட்டார். மணல் என்றேன். இமயமலைக்குப் போவதற்காகச் சுமந்து பழகுகிறோம் என்று விளக்கினேன். அவர் சாக்கை இறக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்: "நான் முப்பது வருஷமா சொமந்து பழகியிருக்கேன், தங்கச்சி. என்னைய எந்த மலைக்கு அனுப்புவாங்க?"

டீச்சர் பிடித்துவிட்டார்

குழுவில் மூத்த பெண், ராகலையிலிருந்து வருகிற பரமேஸ்வரி டீச்சர். ஓய்வு பெற்றவர். அன்றைக்கே, பாதி வழியில், படியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தபடி என்னைக் கேள்விமேல் கேள்வி கேட்டார். தண்ணீர்ப் போத்தலைப் படுக்கும்போது எங்கே வைப்பது? தூக்கப் பைக்குள், வெளியே வைத்தால் விடியும்போது கட்டியாகிவிடும். கெமரா பெட்டரி? அதுவும் உள்ளேதான். எந்த ஊர் தாண்டினால் மூங்கில் காடு வரும், எங்கே மரங்கள் நின்றுபோய் வெறும் புல் தொடங்கும், எல்லாம் சொன்னேன்.

"நீங்க எத்தன தடவ போயிருக்கீங்க?"

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் சொல்வது, "நம்ம குழு வருஷா வருஷம் போகுதுங்க." டீச்சரிடம் அது செல்லவில்லை. வீட்டுப்பாடக் கொப்பியை வீட்டிலே வைத்துவிட்டு வந்தேன் என்கிற பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். உண்மையைச் சொன்னேன். நான் போனதே இல்லை. மற்றவர்களுக்கு எத்தனையோ பாஸ்போட் ஃபோரம் நிரப்பியிருக்கிறேன், எனக்கு ஒன்று எடுக்கவில்லை. எடுத்தால் ஆசை வெளியே தெரிந்துவிடுமே. மழைக்காலத்தில் மஸ்கெலியாப் பக்கம் மேகம் வெள்ளையாகக் குவிந்து நிற்கும்போது, கொஞ்சநேரம் அதைப் பனிமலை என்று வைத்துக்கொண்டு பார்ப்பேன். அதையும் எப்படியோ அவரிடம் சொல்லிவிட்டேன்.

டீச்சர் கோப்பையைக் கவிழ்த்து உதறினார். "எனக்கு அப்பவே தெரியும், மரகதம். போயிட்டு வந்தவங்கன்னா ஏதாவது ஒண்ண மறந்திருப்பாங்க."

பஸ் போகாத இடம்

சந்தனம் அண்ணன் ஹட்டன்–மஸ்கெலியா பாதையில் வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு பயிற்சி தவறவில்லை. மற்றவர்கள் படியில் உட்கார்ந்தால் இவர் நின்றுகொண்டே இளைப்பாறுவார். மருத்துவப் பரிசோதனையில் அவருக்கு மட்டும் தடை வந்தது. இருதயம் அந்த உயரம் தாங்காது என்று டாக்டர் எழுதியிருந்தார்.

சொல்லவேண்டியது என் பொறுப்பு. எப்படிச் சொல்வது என்று காலையிலிருந்து ஒத்திகை பார்த்தேன். தலைமுடி படிய வாரிச் சீவி, இஸ்திரி போட்ட சட்டையோடு அவர் வந்து உட்கார்ந்ததும் டாக்டர் எழுதிய காகிதத்தை நீட்டினேன். வாசித்தார். திரும்ப மடித்து, பழைய மடிப்பிலேயே சரியாக மடித்து, என் மேசையில் வைத்தார். "மன்னிச்சிருங்கண்ணே" என்றேன்.

"நீங்க என்ன செய்வீங்க, தங்கச்சி. வளைவு வளைவா ஓட்டியே வயசு போயிருச்சு. பஸ்சு போகாத ஒரு எடத்துக்கு என் காலால போவணும்னு நெனச்சேன், அவ்வளவுதான்."

இரண்டு பேர்

அவருடைய இடம் காலியானது. குழு டிக்கெட், பெயர்கள் இன்னும் கொடுக்கவில்லை. முதலாளி என் மேசைக்கு வந்து, "சும்மா கெடக்கிற எடந்தானே, நீங்க போயிட்டு வாங்க" என்றார். ஒருவர் மனம் உடைந்து கிடைக்கிற இடம். சந்தோஷப்படக் கூசியது. கூசிக்கொண்டே சந்தோஷப்பட்டேன். அன்றைக்கு வீட்டுக்கு பஸ்ஸில் போகவில்லை, நடந்தே போனேன்.

பாஸ்போட் எடுக்கப் பிறப்புச் சான்றிதழை வெளியே எடுத்தபோதுதான் பார்த்தேன். நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் பிறப்பைப் பதிந்தவர் யாரோ, அவர் காதில் என் பெயர் 'மரியகம்' என்று விழுந்திருக்கிறது. அடையாள அட்டையில் மரகதம். அப்பா பெயரிலும் ஓர் எழுத்து குறைவு. திருத்த முடியும், ஆனால் மாதக்கணக்காகும். பயணத்துக்கு ஐந்து வாரம்தான் இருந்தது.

பாஸ்போட் கந்தோர் கவுண்டரில் இருந்த சிங்களப் பெண் நல்லவர். இரண்டு பத்திரத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஏதாவது செய்ய முடியுமா என்று உள்ளே போய்க் கேட்டுவிட்டும் வந்தார். பிறகு, தெரிந்த தமிழில், மெதுவாகச் சொன்னார்: "இந்த ரெண்டு பேரும் ஒரே ஆள்னு கடிதம் கொண்டு வாங்க, மிஸ்."

காலையில் ஒரு அழைப்பு

கடிதமும் திருத்தமும் கைக்கு வருமுன்னே ஐந்து வாரம் முடிந்து, நான் இல்லாமலே வேன் புறப்பட்டது. வழக்கம்போல் கையசைத்தேன். அதன்பிறகு தினமும் காலையில் சுவரில் இருக்கும் வரைபடத்தைப் பார்த்து, இன்றைக்கு இந்தப் பாலம், இன்றைக்கு மூங்கில் காடு, இன்றைக்கு மரம் முடியும் இடம் என்று கூடவே நடந்தேன்.

அவர்கள் சேரவேண்டிய காலையில் ரவீந்திரனின் வீடியோ அழைப்பு வந்தது. முதலில் அவருடைய மூக்கு, அப்புறம் வானம், அப்புறம் மலைகள். படம் விட்டு விட்டு வந்தது. எத்தனையோ தடவை படத்தில் பார்த்த மலைதான், ஆனால் அதற்கு முன்னால் என் ஆட்கள் நின்றார்கள். கீழே துணிக்கடையில் யாரோ திரைச்சீலைக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் நல்லாயிருக்கீங்களா, தலைவலி இருக்கா, தண்ணி குடிச்சீங்களா என்று தொழில் கேள்விகளாகக் கேட்டேன்.

டீச்சர் போனை வாங்கிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. குளிராகவும் இருக்கலாம். "எல்லாம் எழுதிக் குடுத்தீங்க, மரகதம். வந்து சேந்ததும் என்ன செய்யணும்னு மட்டும் எழுதலியே. ஆளாளுக்குச் சும்மா நிக்கிறோம்."

திருத்திய சான்றிதழும் அதன் பின்னாலேயே பாஸ்போட்டும் இந்த மழைக்காலத்தில் வந்து சேர்ந்துவிட்டன. அலுமாரியில் சேலைகளுக்கடியில், ஒரு முத்திரையும் விழாமல், என்னை விட நன்றாகத் தயாராகி இருக்கிறது அந்தப் பாஸ்போட்.