பேசின் வைத்த இடம்

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த மறுவருஷம், இன்சூரன்ஸ் கம்பெனிக்காகக் காஜா பெராங் பகுதியில் ஒரு வீட்டுக் கூரையைப் பார்க்கப் போனேன். வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரஸர். ஒல்லியானவர், சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கடல் பக்கமிருந்து திடீரென்று சுழற்றியடிக்கும் சுமத்ராக் காற்று அவர் வீட்டு ஓடுகளில் பாதியை வாரிக்கொண்டு போயிருந்தது.

கூடத்தில் நின்றால் வானம் தெரிந்தது. ஆனாலும் தரையில் ஒரே ஒரு எனாமல் பேசின். வெயில் கொளுத்திய அந்தப் பகலிலும், பேச்சுக்கு நடுவே குனிந்து குனிந்து அதைச் சரியான இடத்துக்கு நகர்த்திக்கொண்டிருந்தார்.

காற்று பெயர்த்த கூரைக்குத்தான் கம்பெனி பணம் தரும். முன்பே பழுதான கூரைக்குத் தராது. மனிதர் பிழைத்துப் போகட்டும் என்று, பதிலையும் சேர்த்தே கேட்டேன்.

"காத்துக்கு முன்னால ஒழுகலதானே, டிரஸர் ஐயா?"

"ஒழுகிச்சு தம்பி."

"யோசிச்சுச் சொல்லுங்க. ஒழுகலன்னா புதுக் கூரையே கிடைக்கும்."

"தெரியும்." பேசினைப் பார்த்தார். "மழை வந்தா என் சம்சாரம் தூக்கத்துல எந்திரிச்சு எந்திரிச்சு இந்தத் தண்ணிய ஊத்துவா. போன தீபாவளிக்கு முன்னாடி போய்ட்டா. ஒழுகவே இல்லன்னா, அவ எதுக்கு எந்திரிச்சா?"

கம்பெனி கைவிரித்துவிட்டது. பிறகு ஒரு மழைநாளில் அந்த வழியே சைக்கிளில் போனேன். கூரைக்குப் பழைய தகரம் அடித்திருந்தார். கதவைத் திறந்து வந்து, பேசின் தண்ணீரை வாசலில் ஊற்றிவிட்டு உள்ளே போனார்.

அந்த ஓர் ஓட்டையை மட்டும் ஏன் விட்டார்? தகரம் போதவில்லையா, மனம் வரவில்லையா? நான் கேட்கவில்லை.