எட்டடி அகலத்துக்கு ஜல்லி

ஐப்பசி மழையில் அப்பாவை பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனபோதுதான் அந்த யோசனை வந்தது. பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டதால் வாராவாரம் தஞ்சாவூருக்குப் பயிற்சிக்குப் போயாக வேண்டும். ஆட்டோ ரோட்டிலேயே நின்றுவிடும். அங்கிருந்து எங்கள் வாசல் வரை சேறு. நானும் பெரியப்பாவும் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் நாற்காலிக்கு ஆளுக்கொரு கால் பிடித்தோம். பாதி வழியில் அப்பா கேட்டார்: "சாவறதுக்கு முன்னாடியே நாலு பேராடா?"

நான் அந்தச் சேற்றிலேயே அடிக்கணக்கு போட ஆரம்பித்துவிட்டேன்.

நீளம் நூற்றிருபது அடி. அகலம் எட்டு போட்டால் ஆட்டோ தாராளமாக வரும். கனம் அரை அடி. நூறு கன அடி ஒரு யூனிட் என்றால் ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் எங்கள் களிமண் கல்லைத் தின்னும். ஈரத்தில் கடப்பாரையை ஊன்றிப் பார்த்துவிட்டு, தின்னட்டும் என்று கூட ஒன்று சேர்த்தேன். ஆறு யூனிட் ஜல்லி, இரண்டு லாரி. கொட்டிய அன்று பெரியப்பா வந்து பார்த்தார். "என்னடா, ரயில் விடப் போறியா?"

மார்கழியில் ஆட்டோ வாசலுக்கே வந்தது. அப்பா கைத்தடியை ஊன்றித் தானே நாலு எட்டு நடந்து ஏறினார். புதுக் கார் வாங்கியவர் மாதிரி, "ம், போவலாம்" என்றார்.

தையில் வானம் கறுத்தது. எங்கள் கொல்லைக்குப் பின்னால் பெரியப்பாவின் வயல். கதிர் சாய்ந்து கிடந்தது. அதற்குக் கிழக்கே உள்ள வயலில் அறுவடை முடிந்தால் அந்த வழியாக அறுப்பு மெஷினை இறக்கலாம், இரண்டு நாள் பொறுத்தால் போதும். அவர் பொறுக்கவில்லை. நாங்கள் தஞ்சாவூரிலிருந்து திரும்பியபோது ஆட்டோக்காரர் ரோட்டிலேயே நிறுத்தினார். "இதுக்கு மேல போவாதுங்க."

சக்கரத்துக்குப் பதில் இரும்புச் செயின் போட்ட அறுப்பு மெஷின் எங்கள் பாதை வழியாகப் போய்த் திரும்பியதில் ஜல்லி முழுக்கக் களிக்குள் போயிருந்தது. மேலே சேறு மட்டும்.

"என்ன பெரியப்பா இது?"

"நெல்லு நனைஞ்சா முளைச்சுப் போயிடும்டா. ஒன் ஜல்லி என்ன முளைக்கவா போவுது?"

"அப்பாவுக்காகப் போட்டது."

"அதுக்கென்ன இப்ப? தூக்க நாங்க இல்லையா?"

பாசமாகத்தான் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வயல் பக்கம் திரும்பி ஆள் கூப்பிடவும் செய்தார். அப்பா ஆட்டோவுக்குள்ளிருந்து யாரையும் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "போ, நாற்காலிய எடுத்துட்டு வா."

களிமண்ணுக்கு ஒரு யூனிட் சேர்த்துப் போட்டேன். பெரியப்பாவுக்கு எத்தனை யூனிட் சேர்ப்பது?

இந்த முறை ஜல்லிக்குச் சொல்வதற்கு முன்னால் பாதையின் வாயில் இரண்டு கருங்கல் தூண் நடப்போகிறேன். எங்கள் பட்டா இடம்தான். ஆட்டோவை டேப் வைத்து அளந்துவிட்டேன். தூணுக்குத் தூண் ஐந்தடி விட்டால் ஆட்டோ நுழையும், மெஷின் நுழையாது. பெரியப்பா எங்களோடு பேச்சை நிறுத்திவிடுவார். நாற்காலியின் நாலாவது காலுக்கு ஆள் இருக்காது. நாற்காலி மறுபடி தேவைப்படும் முன்னால் ஜல்லி இறங்கியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை குழி வெட்டுகிறேன்.