ஹார்ட்டிஸ்க்குக்கு முகம் எது?

ஆயுதங்களுக்குப் பொட்டு வைப்பது சரி. ஆனால் எங்கே வைப்பது?

போன வாரம் ஆயுதபூஜை முடிந்த கையோடு எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் இதுதான் பெரிய பிரச்சினை. புருஷன் பெண்டாட்டி பேச்சுவார்த்தை நின்றுபோகிற அளவுக்கு.

பக்கத்துத் தோட்டம் என்றால் சாந்தாமணியக்கா வீடு. கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறையைத் தாண்டி, கோவை போகிற ரோட்டோரம், தென்னைகளுக்கு நடுவே. அவர் வீட்டுக்காரர் வேலுச்சாமி மாமா பகலெல்லாம் நிஜ டிராக்டர் ஓட்டுவார். சாயங்காலம் கைகால் கழுவிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்து... அங்கேயும் டிராக்டர்தான் ஓட்டுவார். மகன் பிரவீண் அயர்லாந்துக்கு வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன வீடியோ கேம் பெட்டி அது. அதில் விவசாயம் பண்ணுகிற விளையாட்டு ஒன்று இருக்கிறது.

"தோட்டத்துல ஓட்டுனது பத்தாதுங்களா மாமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அதுல மழை நேரத்துக்குப் பேயுது அம்மிணி. ஆழியாத்துத் தண்ணி எப்ப உடுவாங்கன்னு எவங்கிட்டயும் போயி நிக்க வேண்டியதில்ல" என்றார். நியாயம்தானே?

அந்த விளையாட்டில் புதுசு வந்திருக்கிறது. மாமா ஆசையாக டவுன்லோடு பண்ணப் போனால், பெட்டியில் இடமில்லை. எதையாவது அழித்தால்தான் உண்டு. இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது எது என்று பார்த்தால் — பிரவீண் காலேஜ் படிக்கும்போது விளையாடி விளையாடிப் பதிவு பண்ணி வைத்த வீடியோக்கள். கார் பந்தயம், ஃபுட்பால், துப்பாக்கிச் சண்டை. மைக்கில் பேசிக்கொண்டேதான் ஆடுவான். அதனால் எல்லாவற்றிலும் அவன் குரல் இருக்கும்.

"அதுல ஒன்னக்கூடத் தொடக்கூடாதுங்க" என்று அக்கா முடிவாகச் சொல்லிவிட்டார்.

அக்காவுக்கு ஃபுட்பாலும் தெரியாது, துப்பாக்கியும் தெரியாது. மத்தியானம் வேலை ஒழிந்தால் அந்த வீடியோக்களைப் போட்டுவிட்டு, திரையைப் பார்க்காமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். ஏன், போனில் பேசுவதில்லையா என்பீர்கள். தினமும் பேசுகிறான். சாப்பிட்டேன்மா, குளிர்தான்மா, சரிம்மா, வைக்கட்டுமா... வெளிநாடு போன பிள்ளைகளின் பேச்சு ஏனோ மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை பேச்சாக மாறிவிடுகிறது. வீடியோவில் இருக்கிறவன் கத்துவான், சிரிப்பான், தோற்றால் கண்ட வார்த்தை பேசுவான். அக்காவுக்கு வேண்டியது அந்தப் பிள்ளை.

மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். பாலக்காட்டுக்குப் போய் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட்டிஸ்க் வாங்கி வந்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிற கருப்புச் சமாச்சாரம். செருகியதும் பெட்டியே கேட்டது: இதை கேமுக்கு வைத்துக்கொள்ளவா, வீடியோவுக்கு வைத்துக்கொள்ளவா? வீடியோவுக்கு என்றார். மகனின் வீடியோக்கள் எல்லாம் ஹார்ட்டிஸ்க்குக்குப் போயின. அக்கா ஒன்றைப் போட்டுப் பார்த்து, குரல் கேட்கிறது என்று உறுதி பண்ணிக்கொண்டார். அதன்பிறகே பெட்டியில் இருந்ததை மாமா அழித்தார். காலியான இடத்தில் புது டிராக்டர் வந்து இறங்கியது. வீட்டில் சமாதானம்.

அப்புறம் வந்தது ஆயுதபூஜை.

எங்களைப் போன்ற எல்லைக்காரர்களுக்கு ஒரு வசதி — வசதியா, அவஸ்தையா? — இரண்டு பக்கத்துச் சாஸ்திரமும் உண்டு. தமிழ்நாட்டுப் பக்கம் மாதிரி டிராக்டர், மோட்டார் ஸ்டார்ட்டர், மருந்தடிக்கிற மிஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து மஞ்சள் தண்ணீர் தெளிப்போம். கேரளப் பக்கம் மாதிரி, பூஜைக்கு வைத்த பொருளை விஜயதசமி காலையில் எடுக்கிறவரை யாரும் தொடமாட்டோம்.

மாமா ஹார்ட்டிஸ்க்கையும் கொண்டுவந்து பூஜையில் வைத்துவிட்டார். இது எதுக்குங்க என்று அக்கா கேட்டதற்கு, "பையன் அதுக்குள்ளதான இருக்கறான்" என்றாராம்.

வைத்த மனுஷனுக்கு ஒரு சந்தேகம். டிராக்டருக்கு முகம் இருக்கிறது, முன்னால் பொட்டு வைக்கலாம். இதற்கு முகம் எது? திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். ஒரு ஓரத்தில் சின்னதாக, வாய் மாதிரி ஒரு ஓட்டை. வயர் செருகுகிற இடம். அதுதான் முகம் என்று முடிவு பண்ணி, மகன் விஷயமாச்சே என்று சந்தனத்தைத் தாராளமாகவே அப்பினார். மேலே மஞ்சள் தண்ணீர்.

விஜயதசமிக்கு எடுத்தபோது சந்தனம் சிமெண்டாக இறுகியிருந்தது. குண்டூசியால் நோண்டினார். வயரைச் செருகினார். ஹார்ட்டிஸ்க்கில் ஒரு விளக்கு மினுக்கென்று எரிந்து அணைந்தது. அவ்வளவுதான். பாலக்காட்டுக்குக் கொண்டுபோனார், கோவைக்குக் கொண்டுபோனார். இரண்டு ஊர்க் கடையிலும் கையை விரித்துவிட்டார்கள்.

அக்கா அழவில்லை. சோறு போட்டார், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். மாமாவிடம் பேச்சை மட்டும் நிறுத்திவிட்டார். மாமாவும் புது டிராக்டரைத் தொடவில்லை. டிவி மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டார்.

விஷயம் கேள்விப்பட்டு நான் போனேன்.

"பிரவீணுக்குச் சொன்னீங்களாக்கா?"

"அவங்கிட்ட எப்பிடி அம்மிணி சொல்றது? ஆசையா வெச்சுட்டுப் போனான். நாங்க தொலச்சுப்போட்டம்னா, தனியா இருக்கற பையன், மனசு சங்கடப்படமாட்டானா?"

"நாந்தான் கெடுத்தேன்னு சொல்லீரு புள்ள" என்றார் மாமா அக்காவிடம், வாசலில் நின்றபடியே. "சாமி காப்பாத்தோணும்னுதான் வெச்சேன்..."

எனக்கு மாமாவைப் பார்க்கவும் பாவமாக இருந்தது, அக்காவைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. மாமா மேல்தான் தப்பு என்று அக்காவுக்கு மட்டுமா தெரியும்? அந்த மனுஷனுக்கு அதைவிட நன்றாகத் தெரியுமே.

நானே பிரவீணுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து மாமாவிடம் கொடுத்தேன். சுற்றி வளைக்காமல் சொன்னார். முகம் தேடிய கதை வந்தபோது அந்தப் பக்கம் பிரவீண் சிரித்துவிட்டான்.

"அப்பா, அதெல்லாம் எங்கிட்டயும் இருக்குதுங்கப்பா. கெளம்பறதுக்கு முன்னாலயே லேப்டாப்புல ஏத்தியாந்துட்டேன். அனுப்பி உடறேன்."

அக்கா ஓடி வந்து போனைப் பிடுங்கினார். "நெசமா சொல்றயா சாமி? அந்தப் பழைய வெளையாட்டையெல்லாம் அங்க கொண்டுபோயி என்ன பண்றே?"

"வெளையாட்டப் பாக்கறதில்லீம்மா. பின்னால நீ என்னயத் திட்டறது அதுல கேக்கும். லீவு நாள்ல அதப் போட்டுட்டுத்தான் சமைப்பேன்."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். சாப்பிட்டாயா கண்ணு என்று வழக்கம்போல ஆரம்பிப்பார் என்றுதான் நினைத்தேன். இல்லை.

"ஏன்டா, இத மொதல்லயே சொல்றதுக்கென்ன உனக்கு? இத்தன நாளா உங்கொப்பங்கூடப் பேசாமக் கெடக்கறேன் நானு. வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே?" — ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற சத்தம். குளிருக்குத் தலைக்குக் குல்லா போடாதது முதல் முடி வெட்டாதது வரை வரிசையாக வாங்கினான். வைக்கட்டுமா என்று அவன் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

பிள்ளைகளைத் தூர தேசத்துக்கு அனுப்பியிருக்கிறவர்களே, நலம் விசாரித்தது போதும்... வாரம் ஒரு தடவையாவது நன்றாகத் திட்டுங்கள்.