நனைக்காத சட்டை

போன மாதம் இறந்துபோன அப்பாவின் காக்கிச் சட்டையைத் துவைக்க எடுத்தேன். ஆசிட் நெடி மூக்கில் ஏறியது.

அதியமான்கோட்டையில் அப்பாவுக்குப் பேட்டரி கடை. சிறுவயதில் நான் அங்கே போனால், "தள்ளி நில்லு பாப்பா. தண்ணியிலதான் ஆசிட்ட ஊத்தணும். ஆசிட்டுல தண்ணிய ஊத்துனா மூஞ்சிக்கே தெறிக்கும்" என்பார். கலக்கும்போது வாளியே சுடும். சட்டையில் தெறித்த துளி அப்போது தெரியாது. துவைக்கும்போதுதான் அந்த இடம் இற்று ஓட்டை விழும்.

"இது சட்டையா, சல்லடைங்களா?" என்பாள் அம்மா.

"காத்து நல்லா வருதில்ல?" என்பார் அப்பா.

அவர் கடைசியாகப் போட்ட இந்தச் சட்டையில் இன்னும் ஓட்டையே இல்லை. வாளிக்குக் கொண்டுபோவதும் திரும்ப எடுப்பதுமாக இருந்தேன்.

"இன்னும் நனைக்கலையா?" என்று அம்மா வந்தாள்.

"நனைச்சா ஓட்டையாயிருமேம்மா."

அம்மா சட்டையை வாங்கி ஆணியில் மாட்டினாள். வாளித் தண்ணீரைச் சாய்த்துவிட்டாள்.