ஏறாத முள்ளோடு நாவலூர் வரை

சனிக்கிழமை காலை 6.50. சேலையூர் கேம்ப் ரோடு பங்கில் கழுத்து வரை பெட்ரோல் நிரப்பி, மீட்டரைப் பூஜ்ஜியமாக்கினேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய கார். லிட்டருக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் கொடுத்தது, ஒரு வருஷமாகப் பத்துக்கே மூச்சு வாங்குகிறது. பிளக் மாற்றியாயிற்று, டயரில் காற்றும் பார்த்தாயிற்று. விற்றுத் தொலைக்கலாம் என்று கணவர் ரவி மாலை ஐந்து மணிக்கு ஒருவரை வரச் சொல்லிவிட்டார். விற்றால், நாவலூர் ஆபீஸிலிருந்து பஸ் மாறி மாறி ஆறரைக்குள் மகளின் காப்பகத்துக்கு நான் வந்து சேர்வது நடக்காத காரியம். வேலையை விட வேண்டியதுதான். அதனால்தான் இந்தக் கடைசிப் பரிசோதனை: நாவலூர் போய்த் திரும்பி, மறுபடி நிரப்பி, எவ்வளவு குடித்தது என்று பார்ப்பது.

மேடவாக்கம், 7.20. சிக்னலுக்குச் சிக்னல் பெட்ரோல் சொட்டுவது எனக்குக் காதில் கேட்டது. வண்டி குடிக்கவில்லை, உன் டென்ஷன்தான் குடிக்கிறது என்றார் பக்கத்து சீட்டில் இருந்த ரவி. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. போன வருஷக் கோடையில் இதே இடத்தில்தான், மகள் பின்சீட்டில் இருக்க, வண்டி கொதித்துப் புகை கக்கி நின்றது. அன்றிலிருந்து சாலையைவிட, இஞ்சின் சூட்டைக் காட்டும் ஹீட் முள்ளைத்தான் அதிகம் பார்க்கிறேன். ஒரே ஆறுதல், அது இப்போதெல்லாம் அடியைவிட்டு எழுவதே இல்லை.

நாவலூர், 7.55. பதினைந்து ரூபாய் டீயைப் பாதியில் வைத்துவிட்டுத் திரும்பினோம். 9.10க்கு அதே பங்கு. நாற்பத்தொரு கிலோமீட்டருக்கு நாலு லிட்டருக்கு மேல் இறங்கியது. அதே பத்துதான்.

பம்மல், 10.15. ஆபீஸ் தோழி சொன்ன மெக்கானிக் நசீர் பாய் பானெட்டைத் திறக்கவே இல்லை. வண்டி ஹீட் ஆகிறதா என்று மட்டும் கேட்டார். முள் ஏறுவதே இல்லை என்றேன், பெருமையாகவே. ரவியைப் பின்சீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, அனகாபுத்தூர் வரை என்னை ஓட்டச் சொன்னார். முள் அசையவே இல்லை.

“அதாம்மா வியாதி. இஞ்சின் சூடே ஆவாம ஓடிகினு கீது. ஜில்லுனு இருந்தா பெட்ரோல குடிச்சிகினேதான் இருக்கும். இஞ்சின் சூடாவுற வரைக்கும் ரேடியேட்டர் தண்ணிய நிறுத்தி வெக்கிற வால்வு, அந்த தெர்மோஸ்டாட்ட யாரு கயட்டுனது?”

சுருக்கென்றது. கொதித்து நின்ற மறுநாள், இனி ஹீட் ஆகவே கூடாது என்று ஒரு மெக்கானிக்கிடம் ஒற்றைக்காலில் நின்றேன். நம்ம ஊர் வெயிலுக்கு இந்த வால்வெல்லாம் எதற்கு மேடம் என்றார் அவர். கழற்றுங்கள் என்றேன்.

“நான்தான் பாய்.”

புது வால்வு தொள்ளாயிரம் ரூபாய். மாட்டி முடிக்கும்வரை ஷெட்டுக்கும் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

ஜி.எஸ்.டி. ரோடு, 1.30. குரோம்பேட்டையில் முள் எழுந்தது. என் கால் தானாக பிரேக்குக்குப் போனது. பாதியில் நிற்க வேண்டும் என்றுதானே பாய் சொன்னார் என்றார் ரவி. சொன்னார்தான். காலை மெல்ல எடுத்தேன். சானடோரியம், தாம்பரம். முள் பாதியிலேயே நின்றது.

கேம்ப் ரோடு திரும்பும்போது ரவியின் போன் அடித்தது. ஐந்து மணி ஆள், வீட்டுக்கு வழி கேட்டார். மைலேஜ் ஏறியிருக்கிறதா என்று இன்னும் தெரியாதே என்பதுபோல் ரவி என்னைப் பார்த்தார்.

“வர வேணாம்னு சொல்லுங்க. திங்கக்கிழமை ஆபீஸுக்கு இதுலதான் போறேன்.”