ரவ்தா பிரித்துப் பார்க்கும் தாள்

ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்துக்குப் பின்னாலுள்ள சிறிய மருத்துவமனையில், அறுவைக் கருவிகளை நீராவியில் வைத்துக் கிருமி நீக்குவது ரவ்தாவின் வேலை. முன்பு ஜீன்ஸ் தைக்கும் ஆலையில் இருந்தாள். அங்கே தையல் கோணினால் பிரித்துத் தைத்துவிடலாம்.

காலையில் முதல் காரியம், துணிப் பொதியின் நடுவே ஒரு சோதனைத் தாளைச் செருகி, ஆட்டோகிளேவ் என்ற நீராவி இயந்திரத்தில், வேறெதுவும் வைக்காமல், தனியாக ஓட்டுவது. காற்றெல்லாம் வெளியேறி நீராவி பொதிக்குள் இறங்கியிருந்தால் தாளின் கோடுகள் முழுக்கக் கறுத்துவிடும். அன்று நடுவில் மட்டும் வெளிறியிருந்தது.

மீன்வலை பின்னும் ஸுஹைரா, மாடியில் முழங்கால் அறுவைக்காக வெறும் வயிற்றோடு படுத்திருந்தாள். ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போனது. இன்றும் நடக்காவிட்டால் வெளியூர் மருத்துவர் இனி அடுத்த மாதம்தான் வருவார். இன்னோர் இயந்திரமோ பழுது.

"பொதியை இறுக்கிக் கட்டியிருப்பே," என்றார் கூட வேலை செய்யும் நஜீப்.

"எப்பவும் போலத்தான் கட்டினேன், அண்ணே. உள்ளே காத்து நிக்குது. கருவிய வைக்க மாட்டேன்."

"அப்போ மேலே போய் நீயே சொல்லு. அந்தம்மா கைத்தடி பக்கத்துலயே இருக்கு, அடி விழும்."

போய்ச் சொன்னாள். மருத்துவர் சாயங்காலம்வரை காத்திருப்பதாகச் சொன்னார். ஸுஹைரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பசி உயிர் போகுது. இன்னிக்கு உண்டா இல்லையா, அத மட்டும் சொல்லு மகளே."

"தெரியலம்மா. பாத்துட்டு வர்றேன்."

கீழே வந்து, காற்று நுழைய வழியிருக்கிறதா என்று இயந்திரக் கதவின் ரப்பர் வளையத்தை விரலால் தடவினாள். பிசுபிசுப்பு. அதில் பஞ்சும் நூலும் அப்பியிருந்தன.

"இதுல என்ன தடவினீங்க?"

நஜீப் கழுத்தைச் சொறிந்தார். "கதவு கிறீச்சுன்னு கத்துச்சு. எங்க செக்கு எண்ணெய்தான், முதல் பிழிவு. உங்க அண்ணி சாலட்டுக்கே அளந்துதான் ஊத்துவா."

அந்த ஊரில் இருமலுக்கும் காதுவலிக்கும் கதவுக்கீலுக்கும் ஆலிவ் எண்ணெய்தான். ரவ்தாவுக்குக் கோபம் வருவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது.

"அண்ணியத் திட்டச் சொல்றேன் இருங்க."

வளையத்தைக் கழற்றினார்கள். எண்ணெய் ஊறி ரப்பர் ஓரிடத்தில் உப்பியிருந்தது. மருத்துவமனை மெக்கானிக் வந்து புது வளையம் பொருத்தினார். நஜீப் விளிம்பையெல்லாம் சோப்புத் தண்ணீரால் துடைத்தெடுத்தார். முதலில் காற்று கசிகிறதா என்று பார்த்தார்கள்; கசியவில்லை. பிறகு புதுத் தாள். ரவ்தா பிரித்தாள். மூலைக்கு மூலை கறுப்பு.

அதற்குப் பிறகே கருவிகள் உள்ளே போயின.

மதியத்துக்கு மேல் ஸுஹைராவின் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனபோது ரவ்தா நடையில் நின்றிருந்தாள்.

"நாளைக்கு வந்து பாரு," என்றாள் ஸுஹைரா. "நின்னு காட்டுறேன்."