மான் முகமூடிக்குள் தார்ச்சின்

குன்சேஸுக்குக் கல்யாணப் பேச்சு வந்த வருஷம்தான் அம்மா போய்ச் சேர்ந்தாள். தம்பி தார்ச்சின் அப்போது கைக்குழந்தை. பெண் கேட்டு வந்தவர்களுக்குக் குன்சேஸ் உப்புத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டாள். லடாக்கின் அந்தக் கிராமத்தில் பார்லி வயலும் தம்பியுமே அவள் வாழ்க்கை என்று ஆனது. விவரம் தெரிந்த வயதில் அவனை முதுகில் சுமந்துபோய் மடாலயத்தில் துறவியாகச் சேர்த்துவிட்டவளும் அவள்தான்.

வளர்ந்து, குளிர்காலத் திருவிழாவில் அவன் மான் முகமூடி போட்டு ஆடத் தொடங்கியபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஊரின் பீடையையெல்லாம் ஒரு மாவுப் பொம்மைக்குள் இறக்கி வைப்பார்கள். அதை வெட்டுவது மான்தான். அவன் போட்டு ஆடும் துணிக் காலணியை வருஷாவருஷம் அவளே தைத்தாள். ஒரு தையல் கோணினாலும் முழுக்கப் பிரித்துவிடுவாள்.

முகமூடி ஏறிவிட்டால் உள்ளே இருப்பவன் தெய்வம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தெய்வம் இறங்கிப் போய்விடும். பெற்ற தாயானாலும் வாயைத் திறக்கக் கூடாது.

ஒரு வருஷம் அறுப்பு முடிந்து வீட்டுக்கு வந்த தார்ச்சின், தேநீரைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஊற்றினான்.

"கண்ணு எத்தனை நாளாடா இப்படி?"

"மடத்துல சொல்லிடாதேக்கா. முகமூடி போட்டா எல்லாருமே பாதிக் குருடுதான். மானோட வாய் வழியாத்தானே பாக்குறோம்? எனக்கு முரசுச் சத்தம் போதும். அது கேக்குற திசையை வச்சு இடம் பிடிச்சுக்குவேன். இந்த ஒரு வருஷம் ஆடிட்டு நானே விலகிக்கிறேன்."

அவள் காலணி தைக்க உட்கார்ந்தாள்.

திருவிழாவன்று காலையிலிருந்தே பனி. பக்கத்து வீட்டு யாங்சின் இடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"என்ன குன்சேஸ், மாப்பிள்ளை பாக்க வந்தவ மாதிரி முன்னால வந்து உக்காந்துட்டே?"

"எங்க வீட்டு மான் வருதுடி. உனக்குத் தூக்கம் வந்தா பின்னால போ."

மான் மடாலய முற்றத்துக்குள் குதித்தது. பனி வலுத்தது. முரசின் தோல் நனைகிறது என்று வாத்தியக்காரர்கள் எழுந்து எதிர்ப்பக்கத் தாழ்வாரத்துக்குப் போய் அங்கிருந்து அடிக்கத் தொடங்கினார்கள். முரசு கேட்கும் திசை மாறியதைக் கண்டு குன்சேஸ் பாதி எழுந்தாள்.

மான் சுழன்று சுழன்று தப்பான பக்கம் நகர்ந்தது. அங்கே சமையற்கட்டுக்கு இறங்கும் செங்குத்தான கற்படிகள். கைப்பிடிச் சுவர் கிடையாது. தெய்வத்துக்குக் கண் தெரியும் என்று எல்லோரும் கைகூப்பியபடி இருந்தார்கள். குன்சேஸ் போர்வையைப் பல்லில் கடித்தாள். மான் இன்னொரு சுற்று சுற்றியது.

"தார்ச்சின்! நில்லுடா!"

முரசு நின்றது. மானும் நின்றது.

"அடிப்பாவி! என்ன காரியம் பண்ணிட்டே!" என்றாள் யாங்சின்.

ஆட்ட குரு வந்து மானின் முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். வேறொரு துறவி அந்த முகமூடியைப் போட்டுவந்து பொம்மையை வெட்டினார். வழக்கமாக அதன் துணுக்குகளை அருளென்று அடித்துக்கொண்டு பொறுக்குகிற சனம், தெய்வம் போய்விட்டதென்று அன்று குனியக்கூட இல்லை.

சாயங்காலம் குன்சேஸ் தம்பியின் அறைக்குப் போனாள். ஆட்டம் நின்ற கையோடு பனியும் விட்டிருந்தது. அவன் முகத்தைத் திருப்பவில்லை.

"ஏன்க்கா கூப்பிட்டே?"

"விழுந்திருப்பேடா."

"முரசு மாறினது எனக்குத் தெரியாதா? கணக்குப் போட்டுத்தான் ஆடினேன். இன்னும் இடம் இருந்துச்சு. திரும்பியிருப்பேன்." அவன் குரல் உடைந்தது. "கடைசி ஆட்டம்க்கா. போய்ப் பாரு, அந்த ஓரத்துக்கு யாரும் போயிருக்க மாட்டாங்க. தடம் இருக்கும்."

போனாள். தடம் இருந்தது. அவள் தைத்த காலணி, அவள் போட்ட தையல். ஆனால் பனியில் பதிந்திருந்தது குதிகால் மட்டும்தான். பாதத்தின் முன்பாதி நின்ற இடத்தில் கல்லே இல்லை.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போர்வை நுனியால் அதை அழித்துவிட்டு அறைக்குத் திரும்பினாள்.

"பாத்தியாக்கா?"

"பாத்தேன்." போர்வையில் ஒட்டிய பனியை உதறினாள். "நீ சொன்னது சரிதான். நல்லாவே இடம் இருந்துச்சு. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

"சொன்னேன்ல," என்றான் தார்ச்சின். அதற்கப்புறம் அவளோடு பேசவில்லை.

அந்தக் கோடையில் ஆலங்கட்டி மழை பார்லியை அடித்துப் போட்டபோது தெய்வத்தை விரட்டியவள் என்று ஊர் முழுக்க அவள் பெயர்தான். அவள் வயலும்தான் படுத்துக் கிடந்தது. முறிந்த கதிர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாளே தவிர தம்பியின் கண்ணைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை.